ஜும்ஆ முடியும்வரை ஹெட்போன்

வெள்ளிக்கிழமைகளில் பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். தேவாலயப் பாடகர் குழுத் தலைவர் ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்டர் இதை நம்புவதில்லை. கத்தோலிக்கரான நீங்கள் இதையெல்லாம் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். நம்பாமலேயே கடைப்பிடிப்பதுதான் அவருடைய வழக்கம்.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை, காலையிலேயே தயாராகி வந்துவிட்ட மரியகொறற்றி டீச்சரும், அவருடைய கணவர் சுவக்கினும், சுவக்கினின் த்ரீவீலும் கட்டுகஸ்தோட்டையில் மாஸ்டர் வீட்டு வாசலில் பன்னிரண்டு அடிக்கும்வரை நின்றார்கள். டீச்சர் பாடசாலைக்கு லீவு போட்டிருந்தார். மாஸ்டர் உள்ளே சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டார். பிறகு சப்பாத்தை மாற்றினார். பிறகு அதற்கும் பொலிஷ் போட்டார்.

டீச்சரின் அவசரம் நியாயமானது. பல வருடமாகத் தேவாலயத்துக் கீபோர்டை வாசிப்பவர் அவர்தான். ஆனால் அங்கே அவருக்கு வாய்த்ததெல்லாம் நெடுமூச்சு விடுவதுபோன்ற பாட்டுகள். கொஞ்சம் வேகம் கூடினாலும் மாஸ்டரின் வலது கை காற்றில் உயர்ந்து, போக்குவரத்துப் பொலிஸ்காரரைப்போல அவரை நிறுத்திவிடும். போன வருடக் கடைசியில் ஆசிரியர் ஒன்றுகூடலுக்கு அந்தக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டுபோய் டீச்சர் ஒரு பைலா வாசித்தார். அதிபரே கதிரையை ஒதுக்கிவிட்டு ஆடினார். உடற்பயிற்சி ஆசிரியை துஷானி அன்றைக்கே சொல்லிவிட்டாள், தன் கல்யாணத்துக்குப் பிறகு வரும் ஹோம்கமிங் விருந்துக்கு டீச்சர்தான் வாசிக்கவேண்டும் என்று. குண்டசாலையில் மண்டபம். தனி ஆளாக, ஒரு முழு இரவு. டீச்சருடைய வாழ்க்கையின் முதலாவது புக்கிங். அது நாளைக்கு.

இந்த நேரத்தில்தான் போன ஞாயிறு பாடகர் குழு கூடி, தேவாலயத்தின் இசைக்கருவியைப் போத்தல் திறக்கப்படும் இடங்களுக்கு எடுத்துச் செல்லக்கூடாது என்று தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவர் ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்டர். வழிமொழிந்தவர் மாஸ்டரின் மனைவி. செய்தி எப்படியோ துஷானியின் அப்பா காதுக்குப் போனது. அவர் மரியாதையான மனிதர். மரியாதையாகவே சொன்னார், வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் சொந்தக் கீபோர்ட் கையில் இருந்தால் டீச்சர், இல்லாவிட்டால் டிஜே.

டீச்சர் சீட்டுக் காசை எடுத்தார். கதவைச் சாத்திய மாஸ்டரே சாவி தேடித்தரவும் முன்வந்தார். கீபோர்ட் வாங்குவது விளையாட்டு இல்லை, நான் ஆராய்ந்து சொல்கிறேன், அதுவரை யாரும் கடைப்பக்கம் போகவேண்டாம் என்றார். ஆராய்ச்சி வியாழன் இரவுவரை நடந்தது. கைத்தொலைபேசியில் வெள்ளைக்காரர்கள் வாசிக்கும் வீடியோக்களைப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அந்த வெள்ளைக்காரர்கள் வாசித்த கீபோர்ட் ஒவ்வொன்றின் விலைக்கும் சுவக்கினின் த்ரீவீலைப்போல இரண்டு வாங்கலாம். மாஸ்டருக்கு அதனால் நட்டமில்லை. அவருக்குப் பொலிபனி என்ற சொல் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு, ஒரு புனிதரின் பெயரைச் சொன்னவர்போலக் கண்ணை மூடித் தலையைக் குனிவார்.

டீச்சருக்குத் தேவைப்பட்டது அவ்வளவு புனிதமானதல்ல. அரேஞ்சர் கீபோர்டில் இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரு கோர்ட் பிடித்தால் போதும், ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாகவே சேர்ந்துகொள்ளும். வலது கை பாட்டை வாசிக்கும். ஒரு ஆளே முழு பேண்டும். எந்தத் தாளத்தில் சேர்ந்துகொள்ளவேண்டும் என்பது உள்ளே இருக்கும் ஸ்டைலைப் பொறுத்தது. இலங்கையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிழைக்க வேண்டுமானால் உள்ளே சிக்ஸ் எய்ட் என்ற தாளம் நல்லதாக இருக்கவேண்டும். பைலாவின் இதயத்துடிப்பு அது. அது இல்லாத கீபோர்டைக் கொண்டுபோகிறவர் சாப்பாட்டுக்கு முன்னமே வீட்டுக்குப் போகலாம்.

ராகு காலம் முடிந்த கையோடு அக்குறணைக் கடைக்குக் கிளம்பினார்கள். முன்னால் சுவக்கின், பின்னால் டீச்சர், டீச்சருக்குப் பக்கத்தில் மாஸ்டரின் அபிப்பிராயங்கள். அக்குறணைக்குள் நுழைந்தபோது மாத்தளை வீதியின் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஆட்கள் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். அறுபது வருடம் இந்தப் பக்கத்தில் வாழ்ந்த மாஸ்டர், வெள்ளிக்கிழமை மதியம் அக்குறணையில் என்ன நடக்கும் என்பதை மட்டும் ஆராயாமல் விட்டிருந்தார்.

பஹ்மி தன் எலெக்ட்ரிக் கடை ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு, குனிந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கண்டியிலிருந்து அவருடைய சாமான்களை ஏற்றிவருவது பெரும்பாலும் சுவக்கின்தான். அதனால் கண்டதும் நின்றார்.

"சுவக்கின் அண்ணே, இந்த நேரத்திலயா வாறீங்க? ஜும்ஆவுக்குப் பாங்கும் செல்லியாச்சே."

சுவக்கின் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கடைகளுக்குப் பின்னால் ஓடும் பிங்கா ஓயாவைப் பார்த்தார்.

டீச்சர் நாளைய புக்கிங்கை மூன்றே வசனத்தில் சொல்லிமுடித்தார். பஹ்மி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உங்கள் கணக்குக்கு உள்ளே இரண்டு இருக்கின்றன, ஒன்று புதுசு, சின்னது, வாரண்டி உண்டு. மற்றது பாவித்தது, பெரியது, வாரண்டி கிடையாது என்றார். ஆனால் பாவித்ததைக் கேட்டு மாத்தளையிலிருந்து ஒருவர் போன் பண்ணியிருக்கிறாராம். தொழுகை முடியும் நேரம் வந்துவிடுவாராம். காசு எதுவும் தரவில்லை, அதனால் முதலில் யார் வேண்டும் என்கிறாரோ அவருக்கே.

"நான் தொழுதுட்டு வார வரைக்கும் உள்ளுக்கு இருந்து பாத்துக்கோங்க டீச்சர். ஆனா சத்தம் மட்டும் வெளிய வரப்படாது. பள்ளி அடுத்த கட்டடம். ஹெட்போன் ஒன்னு ஈக்கி."

மூவரும் உள்ளே குனிந்து நுழைந்தார்கள். ஷட்டர் முழுதாக இறங்கியது. ஒரு கடைக்காரர் கடையை மூன்று பேரிடம் விட்டுவிட்டுத் தொழப்போவதில் உள்ள நம்பிக்கையைப் பற்றி சுவக்கின் நெகிழ்ந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் மாஸ்டர் ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டியிருந்தார்.

ஓயா பெருகினால் நனையாத உயரத்தில், ரைஸ் குக்கர்களுக்கும் மேலே, புதுக் கீபோர்ட் பெட்டிக்குள் இருந்தது. சுவக்கின் ஸ்டூலில் ஏறி இறக்கினார். பாவித்தது மேசைமேல் கிடந்தது, கறுப்பாக, நீளமாக, பழைய பஸ் ஒன்றின் கம்பீரத்தோடு. இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்தார்கள். மாஸ்டர் புதியதில் ஒரே ஒரு கட்டையை அழுத்தி, கண்ணை மூடி, ஓசை தேய்ந்து அடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு அடுத்த கட்டை. பிறகு அதற்கடுத்தது. இந்த வேகத்தில் போனால் மாத்தளைக்காரர் மாத்தளையிலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்று டீச்சருக்குப் பட்டது.

"மாஸ்டர், எனக்கு ஒருக்கா தாங்க."

"இருங்கள், இருங்கள். ரெசனன்ஸ் பார்க்கிறேன்."

கடைசியில் டீச்சர் கேட்காமலேயே ஹெட்போனை அவர் தலையிலிருந்து கழற்றி எடுத்தார். புதியதில் ஸ்டைல்கள் ஏராளம். ஆல்ப்ஸ் மலையில் ஆடுவதற்கு இருந்தது. பிரேசிலில் ஆடுவதற்கு இருந்தது. பனிக்கால இரவில் காதலியோடு மெதுவாக நகர்வதற்கு நாலைந்து இருந்தன. சிக்ஸ் எய்ட் என்று ஒன்றே ஒன்று. அதை அழுத்தியதும் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் இல்லங்கள் அணிவகுத்து வருவதுபோல ஒன்று கேட்டது. இதை வைத்துக்கொண்டு துஷானியின் மாமாமாரை ஆட வைக்க முடியாது. சல்யூட் அடிக்க வைக்கலாம்.

சரி, பெரியதைப் பார்ப்போம் என்று திரும்பினால், அந்த இடைவெளியில் மாஸ்டர் ஹெட்போனை மீட்டுப் பெரியதில் செருகியிருந்தார். இப்போது வயலின் கூட்டத்தின் ஓசையை ஆராய்கிறாராம். குறுக்கிடக்கூடாதாம். குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டுமாம். அந்த மிரட்டல் வேலை செய்தது.

ஓசை இல்லாததால் டீச்சருக்குக் கண்தான் மிச்சம். மாஸ்டரின் முழங்கைக்குக் கீழே குனிந்து அந்தப் பழைய கீபோர்டைப் பார்த்தார். மேலே வரிசையாகப் பொத்தான்கள். பியானோ என்று எழுதியிருந்த பொத்தான் கடையில் வைத்தபடி புதிதாகவே இருந்தது. வயலினும் அப்படித்தான். ஆனால் தாளத்தைத் தொடங்கும் பொத்தானில் எழுத்தே இல்லை, விரல் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாகிவிட்டது. தாளத்துக்கு நடுவே ட்ரம்ஸ் ஒரு புரட்டுப் புரட்டுவதற்கான பொத்தான் ஒருபக்கம் பள்ளமே விழுந்திருந்தது. இடதுபக்கக் கட்டைகளில் மூன்று நான்கு மட்டும் மங்கி, மற்றவை பளபளத்தன.

பொழுதுபோக்குக்கு வாசித்தவனின் கைவேலை இல்லை இது. மண்டபம் மண்டபமாக, ஆள் எழும்பி ஆடும்வரை விடாமல் அடித்தவனுடைய கை. ஆனால் உள்ளே அவனுடைய தாளம் எதுவும் இருக்கிறதா? விற்கும்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் வழக்கம். அழித்திருந்தால் இதுவும் ஆல்ப்ஸ் மலைதான்.

"ஏங்க," என்று கணவரின் காதில் சொன்னார், "இது கல்யாணம் பாத்த கீபோர்டுங்க."

சுவக்கின் பொத்தான்களைப் பார்த்தார். த்ரீவீல்காரர் என்பதால், எந்த மிதி எவ்வளவு தேய்ந்தால் என்ன அர்த்தம் என்பது அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார்.

வெளியே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா தமிழுக்கு மாறியிருந்தது. வியாபாரத்தைப் பற்றிய பிரசங்கம். விற்கிறவன் தன் பொருளில் உள்ள குறையை மறைத்து விற்றால் அந்தக் காசில் பரக்கத் என்ற இறையருள் இருக்காது, வாங்குகிறவன் கேட்காவிட்டாலும் குறையைச் சொல்லிவிடுவது விற்கிறவனின் கடமை என்று மௌலவி விளக்கிக்கொண்டிருந்தார். சுவக்கின் ரைஸ் குக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து கவனமாகக் கேட்டார். தன் த்ரீவீல் மீற்றரைப் பற்றி அவருக்குச் சில யோசனைகள் வந்திருக்கலாம்.

அப்போது மாஸ்டர் பாடத் தொடங்கினார்.

ஹெட்போன் மாட்டியவர்களுக்குத் தங்கள் குரல் தெரியாது. வயலின் கூட்டம் காதுக்குள் அலையடிக்க, மாஸ்டர் கண்ணை மூடி, கையை விரித்து, தவக்காலப் பாட்டு ஒன்றை முழுத் தொண்டையில் எடுத்துவிட்டார். தகர ஷட்டர் அதிர்ந்தது. சுவக்கின் பாய்ந்துபோய் அவருடைய ஒரு காதை விடுவித்தார்.

"அண்ணே, பக்கத்துல குத்பா நடக்குது."

"நான் மனதுக்குள்தானே பாடினேன்," என்றார் மாஸ்டர்.

அதன்பிறகு அவர் உண்மையாகவே மனதுக்குள் பாடினார். ஆனால் ஹெட்போனைக் கொடுக்கவில்லை. இந்தக் கருவியில் ஒரு குறையும் கிடையாது, ஆனால் பாவித்த பொருளில் ஆன்மா தேய்ந்திருக்கும், ஆகவே புதியதையே எடுக்கவேண்டும் என்று தீர்ப்பு எழுதி முடித்த நேரத்தில் வெளியே செருப்புச் சத்தங்கள் பெருகின. ஷட்டர் மேலே போனது. வெயில் உள்ளே விழுந்தது.

பஹ்மி தனியாக வரவில்லை. பக்கத்தில் ஒருவர், கையில் வான் சாவியைச் சுழற்றியபடி. மாத்தளையில் பாலர் பாடசாலை நடத்தும் ரவிகுமார் என்று பஹ்மி அறிமுகப்படுத்தினார். ரவிகுமார் யாரையும் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த நீளத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஆண்டுவிழாவில் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருக்கிற பெற்றோருக்கும் தெரியும் அளவு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். கை சட்டைப்பைக்குப் போனது.

டீச்சர் முந்திக்கொள்ளப் பார்த்தார். ஆனால் ஒரு ஓசைகூடக் கேட்காத கீபோர்டை எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டால் நாளைக்கு டிஜே.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் பஹ்மி. தொப்பியைக் கழற்றி மடித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரு விசயம் செல்லணும். செல்லாம விக்கத்தான் நெனச்சீந்தேன். இன்னக்கிக் குத்பா கேட்ட பொறகு மனசு கேக்குதில்ல. இதுல ரெண்டு குறை ஈக்கி."

முதலாவது குறை, வலதுபக்கக் கடைசிக் கட்டை. அழுத்தினால் சத்தம் வராது. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆராய்ந்து குறையே இல்லை என்று தீர்ப்பளித்த மாஸ்டர், அந்தக் கட்டைப்பக்கம் போயிருக்கவே இல்லை. இப்போது போய் அழுத்திப் பார்த்தார். கட்டை மரியாதையாகக் கீழே போய், மரியாதையாக மேலே வந்தது.

"மத்தது, மெமரில பழைய ஆள்ட தாளமெல்லாம் அப்படியே கெடக்கு. மடுல்கெல்லப் பக்கம் ஒருத்தர். கல்யாணத்துக்கெல்லாம் அடிச்சவர். இத்தாலிக்குப் போகக்குள்ள வித்துட்டுப் போனார். நானும் அழிச்சுப் பாத்தேன், போகுதில்ல. எல்லாம் குப்பை டீச்சர், மன்னிச்சுக்கோங்க."

குப்பை. டீச்சர் சுவக்கினின் கையைப் பிடித்து இறுக்கினார். அவருக்கு நகம் பதிந்தது.

ஆனால் ரவிகுமார் பின்வாங்கவில்லை. கடைசிக் கட்டைவரை பிள்ளைகளுக்குக் கை எட்டாது, அதனால் பரவாயில்லை என்றார். தாளம் கிடந்தால் கிடக்கட்டும் என்றார். கை மறுபடி சட்டைப்பைக்குப் போனது.

இந்த இடத்தில் ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்டர் தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய உதவியைச் செய்தார். தனக்குத் தெரியாமல்தான் செய்தார், அதற்காக அதைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. ஊமைக் கட்டை விஷயத்தில் அவருடைய மானம் போயிருந்தது. அதைத் திரும்பப் பெற ஒரு பேச்சு தேவைப்பட்டது. தொண்டையைச் சரிசெய்தார்.

ஊமைக் கட்டை உள்ள வாத்தியம் வாத்தியமே அல்ல, மேசை கதிரைபோல வெறும் தளபாடம் என்று தொடங்கினார். பொலிபனி வந்தது. ரெசனன்ஸ் வந்தது. இன்றைக்கு ஒரு கட்டை, நாளைக்கு எட்டுக் கட்டை, நாளன்றைக்கு மின்கசிவு, அதற்குப் பக்கத்தில் பிஞ்சுக் குழந்தைகள் என்று கண்முன்னே ஒரு பேரழிவை வரைந்தார். கல்யாணத் தாளம் கேட்டு வளரும் குழந்தைகளின் எதிர்காலம் என்ன ஆகும் என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். சார் யார் என்று மட்டும் ரவிகுமார் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"பாடகர் குழுத் தலைவர்," என்றார் மாஸ்டர்.

ரவிகுமார் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். புதியதைத் தூக்கிப் பார்த்தார். வாரண்டி அட்டையைப் பார்த்தார். உண்மையில் பாலர் பாடசாலைக்கு அது பொருத்தமானதும்கூட. அணிவகுப்புக்கு ஏற்ற சிக்ஸ் எய்ட் உள்ளே இருந்தது. கடைசி வரிசைப் பெற்றோரை முன்னால் வந்து உட்காரச் சொல்லலாம் என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டார்.

"பஹ்மி," என்றார் டீச்சர். "எனக்கு இது. குறையோட."

மாஸ்டர் திகைத்துத் திரும்பினார். தன் பேச்சின் எந்த இடம் விளங்கவில்லை என்று கேட்கத் தொடங்கினார். டீச்சர் கையை நீட்டி ஹெட்போன் வயரைப் பிடுங்கினார். எழுத்தழிந்த பொத்தானில் பெருவிரலை வைத்து, இடது கையால் மங்கிய கட்டைகளைத் தேடிப் பிடித்தார். அந்த மடுல்கெல்ல மனிதனின் விரல்கள் ஏற்கனவே வழி போட்டு வைத்திருந்தன. அழுத்தினார்.

கடை எழும்பி நின்றது. ட்ரம்ஸ் ஒரு புரட்டுப் புரட்டி உள்ளே குதித்தது, பேஸ் அதன் பின்னால் ஓடிவந்தது, கிட்டார் இரண்டுக்கும் நடுவே சில்லறை குலுக்கியது. சிக்ஸ் எய்ட். அணிவகுப்பு இல்லை, ஆல்ப்ஸ் இல்லை, மேட்டில் ஏறிய பஸ் பள்ளத்தில் கிளட்ச் விட்டு இறங்குகிற அந்தத் தாளம். ரைஸ் குக்கர் மூடிகள் சேர்ந்து குலுங்கின. வீதியில் தொழுகை முடிந்து போனவர்களில் இரண்டு பேர் நின்று சிரித்தார்கள். மாத்தளை பஸ்ஸின் கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி தகரத்தில் சரியான இடத்தில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். பஹ்மி ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு, கால் கட்டைவிரலால் மட்டும் தாளம் போட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே பள்ளம் விழுந்த பொத்தானை அழுத்தினார். ட்ரம்ஸ் புரண்டது.

"போதும் டீச்சர், போதும்," என்றார் பஹ்மி. "இது குப்பையில்ல. நான்தான் பிழையா செல்லிட்டேன்."

குறை சொன்னவர் என்பதால் விலையிலும் கொஞ்சம் குறைத்தார். டீச்சர் த்ரீவீலில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, துஷானியின் அப்பாவுக்குப் போன் எடுத்தார். மாஸ்டருக்கு இடம் இருக்கவில்லை. அவர் பஸ்ஸில் வந்தார்.

அன்று பின்னேரம் டீச்சர் வீட்டில் மெமரி முழுவதையும் திறந்து பார்த்தார். இத்தாலிக்குப் போனவர் தன் தாளங்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைத்திருந்தார். பொண்ணு வருது. கேக். மாமாமார். மாமாமார் ரெண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில், வீட்டுக்குப் போங்க.

மறுநாள் குண்டசாலை மண்டபத்தில் டீச்சர் அந்த வரிசைப்படியே போனார். பொண்ணு வந்தது. கேக் வெட்டுப்பட்டது. ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்டர் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, இந்தக் கருவியைத் தெரிவு செய்தது தானே என்றும், கடைசிக் கட்டை ஊமையாக இருப்பது கவனமாக யோசித்த விஷயம் என்றும், பைலாவில் அவ்வளவு உயரத்துக்கு யாரும் போவதில்லை என்றும் துஷானியின் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மாமாமார் தொடங்கியபோது மாஸ்டரின் சப்பாத்து மட்டும் ஆடியது. மாமாமார் ரெண்டில் கதிரை காலியாக இருந்தது. தீர்மானம் முன்மொழிந்த அதே வலது கை, நடுமண்டபத்தில், முகம் துடைக்கும் லேஞ்சி ஒன்றைப் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருந்தது. போத்தல்கள் திறந்துதான் இருந்தன.

மண்டபக்காரர் வந்து நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டினார். டீச்சர் தலையாட்டிவிட்டு, கடைசித் தாளத்தைத் தேடி அழுத்தினார். மெதுவான ஒன்று வரும், ஆட்கள் செருப்பைத் தேடுவார்கள் என்று நினைத்திருந்தார்.

இருந்ததிலேயே வேகமானது அதுதான். துஷானியின் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். மண்டபக்காரர் கதவுச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, மாஸ்டருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.